நீலத் தரையில் ஒன்றுமில்லை

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த பூங்காவிலிருந்து மேனேஜர் போன் செய்தார். குளத்தின் அடியில் கேமரா பதித்திருக்கிறார்களாம். யாராவது தண்ணீருக்குள் அசையாமல் கிடந்தால் அதுவே கண்டுபிடித்து மணி அடிக்குமாம். "புதுசா சேந்த பிள்ளைகளுக்கு ஒரு அரை மணி நேரம் பேசிட்டுப் போங்கண்ணே" என்றார். ராயப்பன்பட்டியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பேசினேன். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "கண்ணத் தொறந்து குளத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்போம். கீழ ஒரு ஆள் கெடந்தா எப்படி சார் தெரியாமப் போகும்?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியிருந்ததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற அந்த நீர் விளையாட்டுப் பூங்காவில் உயிர்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் எனக்கு வேறு வேலை. முல்லைப் பெரியாற்றிலோ வாய்க்காலிலோ யாரையாவது தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டால் போலீசும் தீயணைப்புக்காரர்களும் எங்களைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். மூழ்கிப் போய் உடலைத் தேடி எடுத்துக் கொடுப்போம். கலங்கல் தண்ணீரில் கண்ணால் பார்க்க முடியாது, கையால் துழாவித்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பயப்பட்டதில்லை. பூங்கா திறந்தபோது, நீச்சல் தெரியும், பயம் கிடையாது என்பதற்காகவே என்னை எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடி மாதிரித் தண்ணீர், நீல ஓடு பதித்த தரை, நிழலுக்குக் குடை வைத்த உயரமான நாற்காலி. இதைவிட லேசான வேலை உலகத்தில் கிடையாது என்று நினைத்தேன்.

அந்த நினைப்பை உடைத்தவர் வர்கீஸ் சார். மலையாளி, கடற்படையில் முக்குளிப்புப் பிரிவில் இருந்தவர். குமுளியில் வீடு கட்டிக் குடியிருந்தார். எங்கள் பூங்காவுக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்தார். ஒல்லியான மனிதர். குளத்துக்கரைக்கு வரும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். வருவது காதில் விழாது. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

வந்த முதல் நாள் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். "மூழ்குற ஆள் எப்படிக் கத்துவான்?"

"காப்பாத்துங்கன்னு கத்துவான் சார்" என்றான் ஒருவன்.

"கத்த மாட்டான். மூச்சுக்கே வாய் பத்தாது. கொச்சுக் குழந்தை ஒரு சத்தமும் இல்லாம இறங்கிப் போகும். பக்கத்துல நின்னு விளையாடுற ஆளுக்குக்கூடத் தெரியாது."

பிறகு பொம்மையைக் கொண்டுவந்தார்.

மூன்று வயதுப் பிள்ளை அளவு இருக்கும். உள்ளே மணல். நீச்சல் உடுப்புப் போட்டு, தலையில் கறுப்புக் கம்பளி நூலை முடியாகத் தைத்திருந்தார். மூக்கும் வாயும் கிடையாது, கண் மட்டும் வரைந்திருந்தது. பெரிய துண்டில் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கரையோரம் நடப்பார். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நழுவ விடுவார். சளக் என்ற சத்தம்கூட வராது. அதே நொடியில் பையில் இருக்கிற ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிவிடுவார். நாற்காலியில் இருப்பவன் அதைக் கண்டு, நீளமாக ஒரு விசில் ஊதி, இடத்தைக் கைகாட்டி, பாய்ந்து எடுத்து, முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்து கிடத்த வேண்டும். பிறகு ஸ்டாப்வாட்ச்சை அவனிடம் மட்டும் காட்டுவார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார்.

பொம்மைக்கு நாங்கள் வைத்த பெயர் பாப்பா. "இன்னைக்குப் பாப்பா இறங்குச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். துப்புரவு வேலை பார்த்த ராஜாத்தி அக்காவுக்கு மட்டும் இந்தப் பேச்சு பிடிக்காது. ஸ்டோர் ரூமைக் கூட்டப் போகும்போதெல்லாம் பொம்மையின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் கூட்டுவார்.

சில மாதம் இப்படி அளந்ததில் ஒன்று தெரிந்தது. நாற்காலியில் ஏறிய புதிதில் போட்டால், மூச்சை இழுத்து விடுவதற்குள் விசில் வந்துவிடும். அரை மணி போல ஆன பிறகு போட்டால், ஸ்பீக்கரில் ஒரு சினிமாப் பாட்டு முழுதாக ஓடி முடிந்தும் வராது. ஆள் தூங்கியிருக்க மாட்டான். போன் பார்த்திருக்க மாட்டான். குளத்தங்கரை விளக்குக் கம்பத்தின் உச்சியில் இருந்த கேமராவின் பதிவில் அதைப் போட்டுக் காட்டினார் சார். எங்களில் தங்கவேல் என்று ஒருவன் இருந்தான், ஒழுங்கானவன். அவன் தலை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று சொல்லிக் கொடுத்தபடி திரும்புகிறது. பொம்மை மேலேயே அவன் பார்வை போய்ப் போய் வருகிறது. அவன் உட்கார்ந்தே இருக்கிறான்.

"சார், நான் அந்தப் பக்கம் பாத்தேன் சார்" என்றான் தங்கவேல். அழுதுவிடுவான் போல இருந்தது.

"நோக்கி. பக்ஷே கண்டில்ல" என்றார் சார். பார்த்தாய், ஆனால் காணவில்லை என்று அர்த்தம்.

நானும் அன்றைக்கு இந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் அவரிடம் கேட்டேன். கண் கெட்டுப்போய்விட்டதா என்று கூட்டிப்போய்ப் பரிசோதித்தார்கள், எல்லோருக்கும் கண் நன்றாகத்தான் இருந்தது. சார் ஒரு தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்து, கையை நேராக நீட்டிப் பிடிக்கச் சொன்னார். கனமே இல்லை. கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை எரிந்தது. பிறகு கை தானாகவே இறங்கியது. இறங்கியது எனக்குத் தெரியவில்லை, அவர் சொல்லித்தான் பார்த்தேன்.

"இது ஒரு காரியம். கவனிக்கிறதும் பிடிச்சு நிக்கிற வேலைதான். இன்னொண்ணு உண்டு. ஆத்துல ஆளத் தேடினப்ப, கீழ ஆள் உண்டுன்னு உனக்குத் தெரியும்."

"ஆமா சார்."

"இங்க? தினமும் பாக்குற. தினமும் ஒண்ணும் இல்ல. இல்ல, இல்லன்னு குளமே உனக்குப் பாடம் சொல்லிக் குடுக்குது. அப்புறம் மனசு பாக்காமலே இல்லைன்னு சொல்லிரும். கண்ணு கிட்ட கேக்காது."

அதற்குப் பிறகு நாற்காலியில் ஆள் மாறுகிற முறையை மாற்றினார். யாரும் அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது. இடையிடையே எழுந்து நிற்க வேண்டும். பார்ப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புதிதாக ஏறுகிறவன் முதலில் தரையை முழுதாகப் பார்த்து "தரை சுத்தம், குளம் எங்கிட்ட" என்று சொல்லும்வரை பழையவன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. விசில் சீக்கிரம் வர ஆரம்பித்தது. ஆனால் அரை மணிக்குள்ளேயே கடைசிப் பகுதியில் விசில் தாமதமாகிற சரிவு இருந்துகொண்டேதான் இருந்தது. அதை அவரால் போக்க முடியவில்லை.

சரிவே இல்லாத ஒருத்தன் இருந்தான். கோம்பைக்காரன், பாண்டி. எப்போது போட்டாலும் உடனே விசில். எங்களுக்கெல்லாம் அவன்மேல் பொறாமை. சார் அவனுடைய பதிவை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "இவன் குளத்தைப் பாக்கல. என்னைப் பாக்குறான்."

உண்மைதான். துண்டோடு சார் கரையில் கால் வைத்ததும் பாண்டியின் தலை அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவனிடம் கேட்டோம். சத்தியமாக அவனுக்கே அது தெரியவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. பொம்மை வருகிற வழியை அவன் மனம் கற்றுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பொம்மை போடுகிற வேலை ராஜாத்தி அக்காவுக்குப் போனது. குப்பை வாளிக்குள் வைத்துக்கொண்டு போய், அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நழுவ விட வேண்டும். சாருக்கே நேரம் தெரியாது. "அந்தக் கருமத்தத் தொடச் சொல்றாகளே" என்று புலம்பிக்கொண்டுதான் செய்தார். பாண்டியின் விசில் எல்லோருடையதையும்விடத் தாமதமாக வந்தது.

அவன் அதைத் தாங்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான். நாற்காலியில் முன்னால் சாய்ந்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, இமைக்காமல் பார்க்க ஆரம்பித்தான். இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் நீளமாக விசில் அடித்தான். ஆழப்பக்கத்தைக் கைகாட்டிப் பாய்ந்தான். வெறுங்கையோடு மேலே வந்தான். மறுபடி முங்கினான். மறுபடியும் வெறுங்கை. ராஜாத்தி அக்கா கரையில் வாளியோடு நின்று, "நான் இன்னும் போடலயேப்பா" என்றார். பொம்மை வாளிக்குள் துண்டுக்கு அடியில் காய்ந்துபோய்க் கிடந்தது.

அதற்குப் பிறகு அடிக்கடி நடந்தது. இல்லாததற்கு விசில். பாட்டை நிறுத்துவார்கள், சனங்கள் அலறி அடித்துக் கரையேறுவார்கள், தாய்மார்கள் பிள்ளைகளை எண்ணுவார்கள். பாண்டி தண்ணீரிலிருந்து கையை விரித்துக்கொண்டு எழுவான்.

கேன்டீனுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தவனிடம் போய் உட்கார்ந்தேன்.

"என்னடா தெரியுது உனக்கு?"

"பாப்பாதான்ணே. மல்லாக்கப் படுத்துருக்கு. முடி தண்ணிக்குள்ள விரிஞ்சு ஆடுது. கண்ணு என்னையத்தான் பாக்குது. பக்கத்துல போனா ஓடுதான் இருக்கு." கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சாண்ணே? வீட்டுல சொல்லல. எம்மவ இப்பத்தான் நடக்கப் பழகுறா."

அவன் முதுகில் கை வைத்தேன். வெயிலில் உட்கார்ந்திருந்தவன் முதுகு சில்லென்று இருந்தது.

பூங்கா முதலாளி, வர்கீஸ் சாரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். நானும் அந்த அறையில் இருந்தேன். "சனங்க பேய் இருக்குன்னு பேச ஆரம்பிச்சுட்டாக. இன்னொரு தடவ சும்மா விசிலடிச்சான்னா அவன வீட்டுக்கு அனுப்பிருங்க."

சார் வழக்கம் போல மெதுவாகத்தான் பேசினார். "ரெண்டு தப்பையும் நான் அளக்குறேன். இருக்கிறதக் காணாம விடுறது ஒண்ணு. இல்லாததக் காணுறது ஒண்ணு. இரண்டாவதுக்குத் தண்டிச்சா, முதலாவது கூடும். பயந்தவன் விசிலத் தொட மாட்டான்."

"அதெல்லாம் எனக்கு வேணாம். இன்னும் ஒரே ஒரு தடவ, அவ்வளவுதான்" என்றார் முதலாளி. பாண்டிக்கும் இதைச் சொல்லிவிட்டார்கள்.

கோடை விடுமுறை முடிகிற சமயம். கம்பம் கணவாய்க் காற்று அந்த வருடம் முன்னாடியே இறங்கிவிட்டது. தண்ணீர் முழுக்கச் சிற்றலை. வெயில் பட்டு மேல்பரப்பு தகரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் வேன் பிடித்து வந்திருந்தது. குளத்தில் நல்ல கூட்டம். பாண்டி நாற்காலியில். நானும் சாரும் ஆழப்பக்கத்துக் கரையில் ஏணியை ஒட்டி நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

விசில் கேட்டது.

பாண்டி எழுந்து நின்று எங்கள் காலடிக்கு நேர் கீழே கையை நீட்டினான். நான் குனிந்து பார்த்தேன். சாரும் பார்த்தார். நீலத் தரை. கோடு கோடாக வெயில் நெளிகிறது. ஒன்றுமில்லை.

"ஏலே பாண்டி, வேணாம்டா" என்று கத்தினேன். அவன் வேலை போய்விடுமே என்ற பதைப்புதான் எனக்கு. அவன் ஒரு கணம் நின்றான். சாரைப் பார்த்தான். சார் தலையை லேசாக ஆட்டினார், ஒன்றுமில்லை என்று. பாண்டி குதித்துவிட்டான்.

மேலே வந்தபோது அவன் கையில் ஒரு பிள்ளை இருந்தது.

ரோஸ் கவுன். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு கை அவன் தோளிலிருந்து பின்னால் தொங்கியது. எனக்கு முதலில் உறைக்கவே இல்லை. பாப்பாவுக்கு யாரோ உடுப்பு மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ராஜாத்தி அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினார். ஓடிவந்து, "பாப்பா உள்ளதான் இருக்குய்யா! உள்ளதான் இருக்கு!" என்று கத்தினார். அதைக் கேட்ட பிறகுதான் என் கால் நகர்ந்தது.

சார் பிள்ளையைக் கிடத்தித் தலையை நிமிர்த்தி வாயோடு வாய் வைத்து ஊதினார். நான் நெஞ்சை அமுக்கினேன். என் உள்ளங்கை ஒன்றே அந்த நெஞ்சுக்குப் பெரிதாக இருந்தது. கேன்டீனிலிருந்து பஜ்ஜித் தட்டோடு வந்த ஒரு பெண் தட்டைக் கீழே போடாமல், கத்தாமல், அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்தான் தாய். சார் மறுபடி ஊதினார். மறுபடி அமுக்கினேன். பிள்ளையின் வாயிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. ஒரு இருமல். பிறகு அழுகை.

ஆம்புலன்சில் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபத்தில்லை என்று சாயந்திரம் போன் வந்தது. அடுத்த வாரம் அந்தத் தகப்பன் கூடை நிறையத் திராட்சையோடு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளி எல்லோர் முன்னாலும் பாண்டிக்குச் சால்வை போட்டார். பாண்டி தலையைக் குனிந்தே நின்றான்.

ஆனால் சம்பவம் நடந்த அன்றைக்கே, ஈர உடுப்போடு நடுங்கிக்கொண்டிருந்தவன் சாரிடம் ஒன்று சொல்லியிருந்தான். பக்கத்தில் நான் இருந்தேன்.

"சார், நான் பாத்தது இந்தப் புள்ள இல்ல சார்."

"பின்னே?"

"நான் பாத்தது எப்பயும் பாக்குறதுதான். மல்லாக்க, முடிய விரிச்சுக்கிட்டு. அதுக்குத்தான் குதிச்சேன். கீழ போனா அது இல்ல. திரும்புறப்ப ஏணி ஓரத்துல இந்தப் புள்ள குப்புறக் கெடந்துச்சு. இத நான் மேல இருந்து பாக்கவே இல்ல சார்."

சார் தன் பதிவு நோட்டைத் திறந்து அன்றைய விசிலைக் குறிக்கப் பேனாவை எடுத்தார். இருந்ததைக் கண்டான் என்று ஒரு கட்டம், இல்லாததைக் கண்டான் என்று இன்னொரு கட்டம். எத்தனையோ விசிலை அளந்த மனிதர், பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டார். இரண்டு கட்டமும் காலியாகவே இருந்தன.

அதற்குப் பிறகு ஒரு விதி கொண்டுவந்தார். யார் விசில் அடித்தாலும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், ஒருவர் இறங்கித் தரையைக் கையால் தொட்டுத் துழாவிவிட்டுத்தான் வர வேண்டும். ஆற்றில் நான் செய்த மாதிரி. பாண்டியின் விசிலை அதன் பிறகு யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் சீசன் முடிந்ததும் அவனே வேலையை விட்டுவிட்டான். கோம்பையில் ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தான். "அங்கன அண்ணாந்துதான் பாக்கணும்ணே. அது போதும்" என்றான்.

சில வருடம் கழித்து வர்கீஸ் சாரும் போனார். கடைசி நாள் மேசையை ஒழித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கம்ப்யூட்டரில் பிள்ளையைக் காப்பாற்றிய நாளின் கேமரா பதிவை வைத்திருந்தார். யாருக்கும் காட்டியதில்லையாம்.

"பிள்ளை எப்ப இறங்குதுன்னு சொல்லு" என்றார்.

பார்த்தேன். கூட்டம், பந்து, தண்ணீர் அடித்து விளையாடும் பிள்ளைகள். பாண்டி விசிலை வாயில் வைக்கிறான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி போட்டார். இந்தத் தடவை ஏணியைத்தான் பார்த்தேன். அப்போதும் ஒரு பிள்ளை இறங்குவதை நான் காணவில்லை.

"எங்க சார்?"

அவர் விரலைத் திரையில் வைத்தார். "இவிடே."

விரலுக்குக் கீழே ரோஸ் கவுன் இருந்தது. ஏணியைப் பிடித்திருந்த கை வழுக்குகிறது. தலை பின்னால் சாய்கிறது. வாய் திறந்து மூடுகிறது. ஒரு சத்தமில்லாமல் இறங்குகிறது. ஒளிவு மறைவு ஒன்றுமில்லை, பட்டப் பகலில், திரையின் நடுவில். அவர் விரலை எடுத்த பிறகும் தெரிந்துகொண்டே இருந்தது.

"எனக்கும் முதல்ல தெரியல. இனி மேலே நோக்கு" என்றார்.

பிள்ளைக்கு நேர் மேலே கரையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் செருப்பில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இன்னொருவன் நான். பிள்ளை இறங்கும்போது இருவர் முகமும் அதன் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. சார் என்னவோ சொல்கிறார். நான் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டிச் சிரிக்கிறேன்.